பழக்கமில்லாத தரவுத்தளம் ஒன்றை நிருவகிக்கத் தொடங்குபவருக்கு: போஸ்ட்கிரெஸ் சேவருக்கான முழுமையான படிமுறை வழிகாட்டி

எக்செல் தாள்களிலோ மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிலோ ஓரளவு கைபழகிய ஒருவரிடம் திடீரென்று போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் சேவர் ஒப்படைக்கப்படும்போது, அவர் அதை எந்த ஒழுங்கில் பழக வேண்டும் என்பதை இவ்வழிகாட்டி சொல்கிறது. கிளிநொச்சிப் பக்கத்தில் கமக்காரர் அமைப்புகளினதும் கூட்டுறவுச் சங்கங்களினதும் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் என்னிடம் பழக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறினார்கள்: முதல் நாளே அட்டவணை உருவாக்கத் தொடங்கினார்கள். அது மென்பொருள் எழுதுபவரின் வேலை. கோப்புகள் எங்கே இருக்கின்றன, உள்ளே யார் வரலாம், எல்லாம் அழிந்தால் எப்படி மீட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் நிருவாகி அட்டவணைகளைத் தொட வேண்டும். ஆகவே கீழுள்ள படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். குறிப்பாக, ஐந்தாம் படியை முடிக்காமல் உண்மையான தரவு எதையும் ஏற்றாதீர்கள்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன். தட்டச்சுச் செய்யும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

1. தொடங்குமுன் தேவையானவை

பழகுவதற்கென்றே தனியான ஒரு கணினி வேண்டும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றில் உபுண்டு நிறுவினால் போதும். வேலையில் உள்ள சேவரிலேயே பழகுகிறவர் எதையும் கெடுத்துப் பார்க்கத் துணிய மாட்டார்; துணியாதவருக்கு ஐந்தாம், ஆறாம் படிகளால் பயன் இல்லை.

போஸ்ட்கிரெஸின் ஆவணத் தொகுதியை முதல் நாளே தரவிறக்கிக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பொதியாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் அது கிடைக்கிறது. சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாத அலுவலகங்களில், பிழைச்செய்தி வந்த பின்னர் இணையத்தில் தேட முடியாது. நீங்கள் இறக்கும் ஆவணம் உங்கள் சேவரின் பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், ஏனெனில் அமைவுகளின் இயல்பான மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன.

இவற்றோடு வெளியே கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு வன்தட்டு, நல்ல பற்றரி உள்ள ஒரு யுபிஎஸ், 80 பக்கக் கொப்பி ஒன்று ஆகியவையும் வேண்டும். கொப்பியில் திகதி, மாற்றிய அமைவு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு ஆகிய நான்கு நிரல்களைக் கோடிட்டு வையுங்கள். கணினியிலேயே குறிப்பு வைத்தால், கணினி எழும்பாத நாளில் அந்தக் குறிப்பும் எழும்பாது.

2. நிறுவிய உடனே இடங்களைக் குறித்துக்கொள்ளுதல்

நிறுவுவதற்கு ஒரே கட்டளைதான். அதற்குப் பிறகு தரவுக் கோப்புறை, அமைவுக் கோப்பு, அணுகல் விதிக் கோப்பு, பிழைப்பதிவு, போர்ட் எண் ஆகிய ஐந்தையும் கொப்பியில் எழுதுங்கள். போர்ட் எண் வழக்கமாக 5432 ஆக இருக்கும்.

இணையத்தில் பார்த்த பாதையை அப்படியே நம்பிவிட வேண்டாம். உபுண்டுவில் அமைவுக் கோப்புகள் 'இடிசி' கோப்புறைக்குள் தனியாக இருக்கும். ரெட்ஹேட் வழிவந்த லினக்ஸ்களில் அவை தரவுக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும். ஒருவர் அரை நாளாக அமைவுக் கோப்பு ஒன்றைத் திருத்தித் திருத்தி மீள இயக்கிக்கொண்டிருந்தார். அது பழைய நிறுவலின் எச்சம், சேவர் அதை வாசிக்கவே இல்லை. 'ஷோ கன்ஃபிக் ஃபைல்', 'ஷோ டேட்டா டைரெக்டரி' என்று சேவரிடமே கேட்டால் அது எதை வாசிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

3. உள்ளே நுழைதலும் பயனர் கணக்குகளும்

உபுண்டுவில் நிறுவியதும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் பயனரும், அதே பெயரில் தரவுத்தளத்தின் தலைமைப் பயனரும் உருவாகியிருப்பார்கள். அதே கணினியிலிருந்து நுழையும்போது சேவர் கடவுச்சொல் கேட்பதில்லை. லினக்ஸ் பயனரின் பெயரும் தரவுத்தளப் பயனரின் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. இதற்கு 'பியர்' முறை என்று பெயர். இது தெரியாதவர், தமது லினக்ஸ் கணக்கிலிருந்து நுழைய முயன்று மறுக்கப்பட்டதும், அணுகல் விதிக் கோப்பைத் திறந்து எல்லா வரிகளையும் 'ட்ரஸ்ட்' என்று மாற்றிவிடுகிறார். நுழைவு கிடைக்கும்; அந்தக் கணினியைத் தொடுகிற எவருக்கும் அதே நுழைவு கிடைக்கும். செய்ய வேண்டியது 'சூடோ' என்ற லினக்ஸ் கட்டளை மூலம் போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி நுழைவது மட்டுமே.

அணுகல் விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படுகின்றன. பொருந்தும் முதல் வரியோடு சேவர் நின்றுவிடும். அந்த வரியில் கடவுச்சொல் தவறினால் அடுத்த வரியைப் பார்க்காது. புதியவர்கள் தமது புதிய விதியைக் கோப்பின் அடியில் சேர்த்துவிட்டு அது வேலை செய்யவில்லை என்கிறார்கள். மேலே உள்ள பொதுவான வரி ஏற்கெனவே முடிவெடுத்திருக்கும். திருத்திய பின்னர் 'ரீலோட்' செய்தால் (கோப்பை மீள வாசிக்கச் சொன்னால்) போதும், சேவரை நிறுத்த வேண்டியதில்லை.

வேறு கணினியிலிருந்து இணைய வேண்டுமானால் 'லிசன் அட்ரசஸ்' அமைவையும் மாற்ற வேண்டும், ஏனெனில் இயல்பாகச் சேவர் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே கேட்கும். இந்த மாற்றத்துக்குச் சேவரை மீள இயக்கியே ஆக வேண்டும். அலுவலகத்தின் முகவரி வரம்பை மட்டும் அனுமதியுங்கள்.

அடுத்து, கட்டளைகளைத் தட்டும் 'பிஎஸ்கியூஎல்' திரை காட்டும் முன்குறியை வாசிக்கப் பழகுங்கள். தரவுத்தளத்தின் பெயருக்குப் பின்னால் சமக்குறியும் ஹாஷ் குறியும் தெரிந்தால் நீங்கள் தலைமைப் பயனர். சமக்குறியும் கூர்க்குறியும் தெரிந்தால் சாதாரணப் பயனர். சமக்குறி இருந்த இடத்தில் சிறுகோடு வந்தால், கட்டளை முடியவில்லை என்று சேவர் காத்திருக்கிறது. பழக வந்த தம்பி ஒருவர் ஒரு நாள், "அண்ணை, எண்டர் அடிச்சுக்கொண்டே இருக்கிறன், பிழையும் வரேல்லை, தரவும் வரேல்லை" என்றார். திரையில் ஒன்பது வரிகளுக்குச் சிறுகோட்டு முன்குறி வரிசையாக நின்றது. அவர் முதல் வரியின் முடிவில் அரைப்புள்ளி இடவில்லை.

தலைமைப் பயனர் கணக்கைச் செயலிகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். 15 ஆம் பதிப்பிலிருந்து சாதாரணப் பயனருக்குப் 'பப்ளிக்' ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பகுதி) அட்டவணை உருவாக்கும் உரிமை இயல்பாகக் கிடைப்பதில்லை. பழைய பாடங்களைப் பின்பற்றுவோர் இங்கே 'பெர்மிஷன் டினைட்' என்ற செய்தியைப் பார்ப்பார்கள். அதற்குப் பரிகாரம் தலைமைப் பயனராக மாறுவதன்று. அந்தச் செயலிக்கென்று ஒரு ஸ்கீமா உருவாக்கிக் கொடுப்பதே.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து வருவோருக்கு ஒரு நற்செய்தி உண்டு: இங்கே 'பிகின்' என்று தொடங்கிய பின்னர் அட்டவணை ஒன்றை முழுதாக நீக்கினால்கூட 'ரோல்பேக்' மூலம் திரும்பப் பெறலாம். ஆகவே ஆபத்தான எந்த மாற்றத்தையும் 'பிகின்' போட்டுச் செய்து, எத்தனை வரிகள் மாறின என்று பார்த்த பின்னரே 'கமிட்' கொடுத்து உறுதிப்படுத்துங்கள்.

4. தமிழ்த் தரவுக்கான முன்னேற்பாடு

இந்தப் படியைத் தரவு ஏற்றுமுன் செய்ய வேண்டும், ஏனெனில் தரவுத்தளத்தின் எழுத்துக் குறிமுறையை உருவாக்கிய பின்னர் மாற்ற முடியாது. தரவு முழுவதையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து (இதற்கு டம்ப் என்று பெயர்), புதிய தரவுத்தளம் உருவாக்கி, அதில் மீள ஏற்றுவது ஒன்றே வழி.

தரவுத்தளங்களின் பட்டியலை எடுத்து, குறிமுறை நிரலில் யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மொழி அமைவு இல்லாத வெற்று லினக்ஸில் நிறுவியிருந்தால் அங்கே 'எஸ்கியூஎல் ஆஸ்கி' என்று இருக்கக்கூடும். அது எந்தப் பைட்டையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும். தமிழ் சரியாகத் தெரிவதுபோலவே இருக்கும். எழுத்துகளை எண்ணச் சொன்னால் பைட்டுகளை எண்ணும்.

அடுத்தது அகரவரிசை. 'சி' என்ற அடுக்கு ஒழுங்கில் தமிழ்ச் சொற்கள் யுனிகோட் எண்ணின்படி அடுக்கப்படும். அந்த எண்கள் ர, ற, ல, ள, ழ, வ என்று செல்கின்றன. ஊர்ப் பட்டியலை அடுக்கச் சொன்னால் முரசுமோட்டை, முறிகண்டி, முல்லைத்தீவு, முள்ளியவளை, முழங்காவில் என்று வரும். நம் அகரவரிசைப்படி அது முரசுமோட்டை, முல்லைத்தீவு, முழங்காவில், முள்ளியவளை, முறிகண்டி என்று வர வேண்டும். ஐசியு என்ற மொழி நூலகம் வழங்கும் தமிழ் ஒழுங்கைத் தெரிவுசெய்தால் இது சரியாகும். 10 ஆம் பதிப்பிலிருந்து தனித்தனி நிரல்களுக்கும், 15 இலிருந்து தரவுத்தளம் முழுவதற்கும் அதைக் கொடுக்கலாம்.

பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி ஒரு தோற்றம் மட்டுமே. அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். புள்ளி இருக்கும் இடத்தில் அரைப்புள்ளியும், 'இ' இருக்கும் இடத்தில் காற்புள்ளியும் சேமிக்கப்பட்டிருக்கும். மேற்கோள்குறி இல்லாமல் கையால் தயாரித்த சிஎஸ்வி கோப்பில் (நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பு) 'இரணைமடு' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் ஒரு நிரல் கூடுதலாகப் பிரிந்து, ஏற்றுதல் அந்த வரியில் நின்றுவிடும். எனவே முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகே சிஎஸ்வி ஆக்குங்கள்.

யுனிகோடுக்கு மாற்றிய பின்னரும் ஒரு குழி எஞ்சியிருக்கிறது. 'கிளிநொச்சி' என்பதில் உள்ள 'நொ' இரண்டு வகையில் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது ஒற்றைக்கொம்பும் அரவும் இரண்டாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சேவருக்கு அவை இரு வேறு சொற்கள். கிராமவாரியாக உறுப்பினர்களை எண்ணியபோது கிளிநொச்சி இரண்டு வரிகளில் வந்து நின்றதைப் பார்த்துத்தான் நானே இதைக் கற்றேன். 13 ஆம் பதிப்பு முதல் உள்ள 'நார்மலைஸ்' செயற்பாட்டால் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம்.

தேசிய அடையாள அட்டை எண்ணுக்கு எண் வகை நிரல் வைக்காதீர்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கங்களும் உண்டு. தொலைபேசி எண்ணும் அப்படியே. எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும்.

5. காப்புப்பிரதியும் மீட்பும்

'பிஜி டம்ப்' ஒரு தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் சேவர் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் அவை அதில் வருவதில்லை. அவற்றை 'பிஜி டம்ப் ஓல்' கட்டளையில் 'குளோபல்ஸ் ஒன்லி' என்ற தெரிவைக் கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே ஒரு காப்புப்பிரதி. ஓடிக்கொண்டிருக்கும் சேவரின் தரவுக் கோப்புறையைப் பென்டிரைவில் பிரதி செய்வது காப்புப்பிரதி ஆகாது. பிரதி எடுக்கும் நேரத்திலேயே கோப்புகள் மாறிக்கொண்டிருப்பதால், முன்பாதி ஒரு கணத்தினதாகவும் பின்பாதி வேறொரு கணத்தினதாகவும் இருக்கும்.

டம்ப்பை 'கஸ்டம்' வடிவில் எடுங்கள். அது சுருக்கப்பட்டிருக்கும், வேண்டிய அட்டவணையை மட்டும் பிரித்து மீட்கவும் இடம் தரும்.

ஒரு சங்கத்தில் இரவு 11 மணிக்குத் தானாக டம்ப் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஏழு மாதங்களாக ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பு, திகதியோடு, ஒழுங்காக உருவாகியிருந்தது. கணினி பழுதான நாளில் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் 0 பைட். கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தார்கள். டம்ப் கட்டளை உள்ளே நுழைய முடியாமல் நின்றது. ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறியைக் கண்டதும் லினக்ஸ் கோப்பை முன்கூட்டியே உருவாக்கிவிட்டது. கோப்பு இருக்கிறதா என்று மட்டும் எல்லோரும் பார்த்தார்கள், அதன் அளவை எவரும் பார்க்கவில்லை. தற்காலிகப் பெயரில் டம்ப் எடுத்து, கட்டளை வெற்றியாக முடிந்தால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றும்படி எழுதினால் இந்த ஏமாற்றம் நேராது. கடவுச்சொல்லை 'பிஜிபாஸ்' கோப்பில் வைப்பதாயின், அந்தக் கோப்பை உரிமையாளர் மட்டும் வாசிக்கும்படி அனுமதியை 0600 ஆக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோப்பு புறக்கணிக்கப்படும்.

இனி மீட்பு. இதைப் பழகு கணினியில், வேறு எவருடைய உதவியும் இல்லாமல், மூன்று முறையாவது செய்யுங்கள். முதலில் பயனர் கணக்குகளை ஏற்றுங்கள், ஏனெனில் அட்டவணைகளின் உரிமையாளர் இல்லாமல் உரிமை வரிகள் தோல்வியடையும். பிறகு 'டெம்ப்ளேட் பூச்சியம்' என்ற மூலத்திலிருந்து, அதே குறிமுறையோடு வெறுமையான தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். அதன் பின் 'பிஜி ரீஸ்டோர்' கட்டளையை, முதல் பிழையிலேயே நிற்கும் தெரிவோடு இயக்குங்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் அது பிழையைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓடும், செய்திகள் மேலே உருண்டு போய்விடும். முடிந்ததும், தரவைப் பற்றிய புள்ளிவிபரம் திரட்டும் 'அனலைஸ்' கட்டளையை இயக்குங்கள். புள்ளிவிபரம் இல்லாத தரவுத்தளம் எளிய கேள்விக்கும் நீண்ட நேரம் எடுக்கலாம். கடைசியாக முக்கிய அட்டவணைகளின் வரி எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டு, மீட்புக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். "எப்ப சரிவரும்?" என்று செயலாளர் கேட்கும்போது அந்த எண்தான் உங்கள் பதில்.

பிரதி ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் ஒரே இரவில் மூடியதைக் கண்டவர்களுக்கு, சேவரும் காப்பு வன்தட்டும் ஒரே அலுமாரியின் அடித்தட்டில் இருக்கக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை. வவுனியாவில் உள்ள உறவினர் வீடு போதும், ஆனால் வன்தட்டைக் கடவுச்சொல்லால் மறைகுறியாக்கிக் கொடுங்கள். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள் அதில் இருக்கின்றன.

6. மின்வெட்டுக்குப் பழகுதல்

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'வால்' எனப்படும் முன்பதிவில் எழுதி, அது வட்டில் இறங்கியது உறுதியான பின்னரே 'கமிட்' ஆனதாகச் சொல்கிறது. மின்சாரம் போய் வந்தால் அந்த முன்பதிவை வாசித்து விட்ட இடத்திலிருந்து எழும்புகிறது. பழகு கணினியில் ஆயிரக்கணக்கான வரிகளை ஏற்றும்போது மின்செருகியைக் கழற்றிப் பாருங்கள். மீண்டும் இயக்கியதும் பிழைப்பதிவில் மீட்புச் செய்திகள் வருவதை வாசித்துப் பழகினால், உண்மையான மின்வெட்டில் பதறிப்போய் எதையாவது அழிக்க மாட்டீர்கள்.

வேகம் கூடும் என்று சொல்லி, எழுதியது வட்டில் இறங்கியதை உறுதிசெய்யும் 'எஃப்சிங்க்' அமைவை நிறுத்தும்படி கூறும் ஆலோசனைகள் உண்டு. மின்சாரம் நிலையற்ற இடத்தில் அதைச் செய்வது தரவைப் பணயம் வைப்பது.

வட்டு நிரம்பிய அவசரத்தில் 'பிஜி வால்' கோப்புறையிலுள்ள 16 எம்பி கோப்புகளை அழிப்பதே நான் கேள்விப்பட்ட தவறுகளில் மிகக் கொடியது. 10 ஆம் பதிப்புக்கு முன் அந்தக் கோப்புறையின் பெயர் 'பிஜி எக்ஸ்லாக்'. பெயரில் 'லாக்' இருந்ததால் சாதாரணப் பதிவு என்று எண்ணிப் பலர் அழித்தார்கள். பெயர் மாற்றப்பட்டதற்கு அதுவும் காரணம். இடம் வேண்டுமானால் அந்த வட்டிலுள்ள பழைய டம்ப்களை நகர்த்துங்கள்.

யுபிஎஸ்ஸின் பற்றரி குறைந்ததும் சேவரை ஒழுங்காக நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள். வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் 9' கட்டளையைக் கொடுக்காதீர்கள்; இயல்பான 'ஃபாஸ்ட்' முறை இணைப்புகளைத் துண்டித்து, முடியாத மாற்றங்களைக் கைவிட்டு, சுத்தமாக நிறுத்தும்.

7. அமைவுகளை மாற்றுதல்

இரண்டு மூன்று அமைவுகளுக்கு மேல் முதல் ஆண்டில் தொடத் தேவையில்லை. 'ஷேர்ட் பஃபர்ஸ்' (சேவர் தரவைப் பிடித்து வைக்கும் நினைவகம்) இயல்பாக 128 எம்பி. சேவருக்கென்றே ஒதுக்கிய கணினியில் நினைவகத்தின் கால்வாசி வரை உயர்த்தலாம். 'வொர்க் மெம்' (வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கான நினைவகம்) இயல்பாக 4 எம்பி. அது ஒரு பயனருக்கு உரிய அளவு என்று எண்ணி 256 ஆக்குகிறார்கள். உண்மையில் ஒரே கேள்விக்குள் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக அந்த அளவு போகலாம், 100 இணைப்புகள் அனுமதிக்கப்பட்ட சேவரில் பெருக்கிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோப்பைத் திருத்தியும் மதிப்பு மாறாவிட்டால், யாரோ முன்னர் அமைவை மாற்றும் 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையைக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மதிப்புகள் 'ஆட்டோ' என்று பெயர் கொண்ட தனிக் கோப்பில் இருந்து உங்கள் கோப்பை மேவிவிடும்.

8. வாராந்தப் பார்வை

வட்டில் மீதி இடம், நேற்றைய டம்ப்பின் அளவு, பிழைப்பதிவின் கடைசிப் பக்கம், 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' காட்டும் இணைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்' என்று மணிக்கணக்கில் நிற்கும் இணைப்பு ஒன்று இருந்தால் அதை விசாரியுங்கள். யாரோ 'பிகின்' கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.

அது ஏன் முக்கியம் என்றால், போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழிவதில்லை. புதியது பக்கத்தில் எழுதப்படுகிறது. பழையவற்றின் இடத்தை 'ஆட்டோவேக்யூம்' பின்னர் மீட்டெடுக்கிறது, ஆனால் 'பிகின்' கொடுத்து முடிக்காமல் திறந்து கிடக்கும் பரிமாற்றம் ஒன்று அவற்றைப் பார்க்கக்கூடும் என்றால் தொடாது. ஆகையால் 'ஆட்டோவேக்யூம்' கணினியை மெதுவாக்குகிறது என்று எண்ணி அதை நிறுத்திவிடக் கூடாது. வரிகளை அழித்தும் கோப்பு சிறுக்கவில்லையே என்று 'வேக்யூம் ஃபுல்' கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அது அட்டவணையை முற்றாகப் பூட்டிவிட்டு முழுவதையும் புதிதாக எழுதும், அதற்கு வட்டில் மேலதிக இடம் வேண்டும். பெரும்போக நெற்கொள்வனவு நடக்கும் பகலில் அதை இயக்கினால் தராசடியில் நிற்கும் வரிசை உங்களைத் தேடி வரும்.

9. பதிப்பு உயர்த்துதல்

சிறு பதிப்புகளைத் தாமதிக்காமல் நிறுவுங்கள். சேவரை மீள இயக்கினால் போதும். ஆண்டுக்கு ஒன்றாக வரும் பெரும் பதிப்பு அப்படியன்று, தரவுக் கோப்புறையின் வடிவம் மாறுவதால் டம்ப் மூலமோ 'பிஜி அப்கிரேட்' மூலமோ மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் ஆதரவு உண்டு. புதிய பதிப்பின் 'பிஜி டம்ப்' பழைய சேவரிலிருந்து எடுக்கும். பழையது புதிய சேவரிலிருந்து எடுக்க மறுக்கும்.

உபுண்டுவையே உயர்த்தும்போது இரண்டு விடயங்கள் நடக்கலாம். அகரவரிசை விதிகள் மாறியிருந்தால் எழுத்து நிரல்களின் சுட்டிகள் (விரைவாகத் தேட உதவும் அடைவுகள்) பிழையாகிவிடும், 'ரீஇண்டெக்ஸ்' செய்யுங்கள். அத்தோடு புதிய போஸ்ட்கிரெஸ் ஒன்று பழையதன் பக்கத்தில் வெறுமையாக நிறுவப்பட்டு 5433 ஆம் போர்ட்டில் எழும்பியிருக்கலாம். அட்டவணை ஒன்றையும் காணவில்லை என்றால் டம்ப்பைத் தேடி ஓடுமுன் எந்தப் போர்ட்டில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய போஸ்ட்கிரெஸ் நிறுவலை, புதியதில் ஐந்தாம் படியின் மீட்பை முழுதாகச் செய்து எண்ணிக்கைகளை ஒப்பிட்டு, ஒரு மாதக் கணக்கு முடித்த பின்னரே நீக்குங்கள்.